பேர் எழுதாத ஜாடில நிக்கிறது யாரு, வரைஞ்சது யாரு

போன வாரம் ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம ஃபோன்ல ஒரு கிரேக்க ஜாடி படத்தை ஜூம் பண்ணிப் பாத்துக்கிட்டிருந்தேன். ஸ்கிரீன்ல ரெண்டு கால் மட்டும்தான் தெரியுது, வேகமா ஓடுற கால், பூட்ஸ்ல ரெக்கை. ஹெர்மிஸ்தான், தெய்வங்களோட தூதன், வேற யாரா இருக்க முடியும்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன். அப்புறம் படத்தை மெதுவா இழுத்து மேல் பாதியைப் பாத்தா தோள்ல ஒரு பை தொங்குது, பைக்குள்ள ஒரு தலை தெரியுது, கைல வளைஞ்ச அரிவாள். ஹெர்மிஸே இல்ல, பெர்சியஸ், கிரேக்கக் கதை வீரன். பாத்தவங்களைக் கல்லாக்குற மெடூசாவோட தலையை அறுத்து பைல போட்டுக்கிட்டு ஓடுறான், அந்தப் பக்கம் தலையில்லாத உடம்பு சரியுது, அதீனா தேவி அவனுக்குத் துணையா வர்றா. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கிற தண்ணிக் குடம் அது, கி.மு. 460 வாக்குல ஏதென்ஸ்ல வரைஞ்சது.

ரெக்கை வச்ச பூட்ஸ் ரெண்டு பேருக்குமே உண்டுன்னு எனக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சும் அவசரப்பட்டேன். ஹெர்மிஸ்னா கைல அந்தத் தூதர் கோல் இருக்கணும், மேல எட்டு மாதிரி வளைஞ்சு நிக்கும், அதைத் தேடாம காலை மட்டும் பாத்து பேர் வச்சது தப்பு. இந்த ஜாடிங்களைப் பாக்க ஆரம்பிச்சதுலேர்ந்து நான் கத்துக்கிட்ட முதல் விஷயமே இதுதான், ஒத்தை அடையாளத்தை நம்பக்கூடாது, ரெண்டாவது ஒண்ணு சாட்சிக்கு வேணும்.

வேலும் மயிலும் பாத்தா முருகன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, அந்த மாதிரிதான் இங்கேயும். சிங்கத்தோலைத் தலையோட சேத்து போத்திக்கிட்டு, சிங்கத்தோட வாய்க்குள்ளேர்ந்து மூஞ்சி எட்டிப் பாக்குற மாதிரி ஒருத்தன் நின்னா அவன் ஹெராக்ளிஸ், கைல தடியோ வில்லோ இருக்கும். மார்ல பாம்பு நெளியுற விளிம்பு வச்ச தோல் கவசம் போட்டுக்கிட்டு ஹெல்மெட்டும் ஈட்டியுமா ஒரு பொண்ணுன்னா அதீனா. ஐவி இலை கிரீடமும் தூக்கலான கைப்பிடி வச்ச ஒயின் கோப்பையும்னா டயோனைசஸ், ஒயின் தெய்வம். மூணு முனை ஈட்டின்னா போசைடன், கடல் தெய்வம். பட்டறை இடுக்கியோ கோடாலியோ வச்சிருந்தா ஹெபஸ்டஸ், கொல்லன் தெய்வம், அவன் கழுதை மேல உக்காந்து வந்தான்னா சந்தேகமே வேண்டாம், பின்னாடி டயோனைசஸ் கூட்டம் குடிச்சு ஆடிக்கிட்டு வரும், அவனை தெய்வங்க வாழுற ஒலிம்பஸ் மலைக்குத் திருப்பி அழைச்சுட்டுப் போற கதை அது.

கஷ்டம் எங்கன்னா ரெக்கை வச்ச பொண்ணுங்க கிட்ட. ஒரு ஜாடில ரெக்கையோட ஒரு பொண்ணு நிக்கிறா, அவ்வளவுதான் இருக்கு, யாருன்னு சொல்லணும். நைக்கியா, அதாவது வெற்றி தேவதை? ஐரிஸா, வானவில்லோட தேவதை? இல்ல இயோஸா, விடியல்? ஹெர்மிஸ் வச்சிருக்கிற அதே மாதிரி கோல் வச்சிருந்தா ஐரிஸ்னு சொல்லலாம், ஏன்னா அவளும் தூது போறவ. ஜெயிச்சவனுக்குத் தலையில கட்டுற ரிப்பனோ, பலிபீடத்துல ஊத்துற ஜக்கோ வச்சிருந்தா நைக்கி. ஒரு பையனைத் துரத்திக்கிட்டு ஓடுனா இயோஸ், அவ மனுஷப் பசங்க மேல ஆசைப்பட்டு தூக்கிட்டுப் போறவ. ஆனா லூவ்ர் மியூசியத்துல ஒரு கிண்ணம் இருக்கு, டூரிஸ் வரைஞ்சது, அதுல அதே இயோஸ் செத்துப்போன ஒரு ஆம்பளையோட உடம்பைக் கைல தாங்கிக்கிட்டு குனிஞ்சு பாக்குறா, அவன் கை கால் எல்லாம் துவண்டு தொங்குது. அது துரத்துற கதை இல்ல. ட்ராய் போர்ல கிரேக்க வீரன் அக்கிலிஸ் கையால செத்த மெம்னான், அவளோட சொந்தப் புள்ள. அதே ரெக்கைதான், அதே தேவதைதான், கைல என்ன இருக்குங்கிறதை வச்சு கதை தலைகீழா மாறுது. அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல.

இன்னொரு விஷயம் கலர். கருப்பு உருவம்னு சொல்ற பழைய ஸ்டைல்ல ஆம்பளைங்க தோல் கருப்பு, பொம்பளைங்க தோலுக்கு மேல வெள்ளை பூசிடுவாங்க, அதனால ஹெல்மெட் போட்டு சண்டை போடுற கூட்டத்துல வெள்ளைக் கையும் காலும் தெரிஞ்சா அது அமேசான் வீராங்கனை. ஆனா அந்த வெள்ளை ஜாடி மேல கெட்டியா ஒட்டாது, 2500 வருஷத்துல நிறைய இடத்துல உதிர்ந்துபோச்சு, வெள்ளை உதிர்ந்த இடத்துல அடியில இருக்கிற கருப்புதான் தெரியும், அதைப் பாத்து ஆம்பளைன்னு நினைச்சா தப்பாப் போயிடும். அப்போ கண்ணைப் பாக்கணும். அந்தக் காலத்து ஓவியருங்க நிறைய பேரு ஆம்பளைக்கு வட்டக் கண்ணும் பொண்ணுக்கு பாதாம் மாதிரி நீட்டுக் கண்ணும் வச்சாங்க.

சில கதைக்கு ஆளையே பாக்க வேண்டாம், பொருளைப் பாத்தா போதும். தரையில புதைச்ச பெரிய தாழிக்குள்ளேர்ந்து ஒருத்தன் கையைத் தூக்கிக்கிட்டு அலறுறான்னா அது யூரிஸ்தியஸ் ராஜா, ஹெராக்ளிஸ் தோள்ல காட்டுப்பன்னியைத் தூக்கிட்டு வந்து அவன் மேல போடப் போறான். கை முழுக்கப் பச்சை குத்துன பொண்ணுங்க கத்தியோ கல்லோ தூக்கிட்டு ஒரு யாழ்க்காரனை நோக்கி ஓடி வந்தா அது த்ரேஸ் தேசத்துப் பொண்ணுங்க, சாகப் போறது ஆர்ஃபியஸ். கிரேக்கப் பொண்ணுங்களுக்கு பச்சை குத்த மாட்டாங்க, அந்த ஒரு கோடு போதும் ஓவியருக்கு, பாக்குறவன் புரிஞ்சுக்குவான்.

இதெல்லாம் ஓவியர் நமக்காகவே வச்ச அடையாளம். சில பேரு இன்னும் ஒரு படி மேல போய் பக்கத்துலயே பேர் எழுதிட்டாங்க. அதுல உச்சம்னா ஃப்ளோரன்ஸ்ல இருக்கிற ஃபிரான்சுவா ஜாடி. 1844-45ல இத்தாலில கியூசி பக்கம் ஒரு எட்ருஸ்கன் கல்லறைல (எட்ருஸ்கன்னா இத்தாலில அப்போ வாழ்ந்த பழைய மக்கள்) அலெஸாண்ட்ரோ ஃபிரான்சுவாங்கிறவர் தோண்டி எடுத்தது, கி.மு. 570 வாக்குல ஏதென்ஸ்ல செஞ்சது, உயரம் 66 சென்டிமீட்டர், ஒயினையும் தண்ணியையும் கலக்குற பெரிய பாத்திரம். அதுல 270 உருவம் இருக்கு, 121 எழுத்து இருக்கு. அக்கிலிஸோட அப்பா அம்மா பீலியஸ் தீட்டிஸ் கல்யாணத்துக்கு எல்லா தெய்வமும் வரிசையா வருது, ஒவ்வொருத்தருக்கும் பேர். காட்டுப்பன்னி வேட்டை, வேட்டைக்காரனுக்குப் பேர், அவனோட நாய்க்கும் பேர்! அக்கிலிஸ் குதிரைல ஓடுற ட்ராய் இளவரசன் ட்ரோய்லஸைத் துரத்துறான், அந்த இடத்துல தண்ணி புடிக்கிற ஊற்று மண்டபத்து மேல ஊற்றுன்னு எழுதியிருக்கு, கீழ விழுந்து கிடக்கிற குடத்துக்கு மேல குடம்னு எழுதியிருக்கு, ராஜா உக்காந்திருக்கிற ஆசனத்துக்கு மேல ஆசனம்னு எழுதியிருக்கு. குடத்தைப் பாத்தா குடம்னு யாருக்கும் தெரியும், அப்புறம் ஏன் எழுதணும்? எழுத்து அப்போ அவங்களுக்கு இன்னும் புதுசு, எழுதறதே ஒரு சந்தோஷமா இருந்திருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

இந்த ஜாடிக்கு நடந்த கொடுமையையும் சொல்லணும். 1900ல மியூசியம் காவலாளி ஒருத்தர் கோவத்துல ஒரு ஸ்டூலைத் தூக்கி அடிச்சுட்டார், 638 துண்டா போச்சு. 1902க்குள்ள ஒட்டுனாங்க. அப்புறம் 1966ல ஃப்ளோரன்ஸ்ல வெள்ளம் வந்து திரும்பவும் சேதம், திரும்பவும் பிரிச்சு ஒட்டி 1973ல முடிச்சாங்க. இப்போ நாம படிக்கிற ஒவ்வொரு பேரும் ரெண்டு தடவை துண்டு துண்டா பொறுக்கி சேத்தது.

எழுத்து இருந்தாலே பேர்தான்னும் நம்ப முடியாது. காலோஸ்னு ஒரு வார்த்தை நிறைய ஜாடில வரும், அழகன்னு அர்த்தம், முன்னாடி ஒரு பையன் பேர் இருக்கும், உதாரணத்துக்கு லேயாக்ரோஸ் காலோஸ், லேயாக்ரோஸ் அழகன். படத்துல இருக்கிற ஆள் லேயாக்ரோஸ் இல்ல, அப்போ ஊரே பேசுன ஒரு இளைஞன் பேரு அது. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இது பெரிய உதவி, ஒரே பையன் பேர் வர்ற ஜாடிங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சில வருஷத்துக்குள்ள செஞ்சதா இருக்கணும்ல, அவன் எத்தனை நாளைக்கு இளைஞனாவே இருப்பான். இன்னொரு வகை இருக்கு, பாக்க எழுத்து மாதிரியே இருக்கும், கூட்டிப் படிச்சா எந்த வார்த்தையும் வராது. அதை எழுதுனவருக்கு எழுதத் தெரியாதா, இல்ல சும்மா அலங்காரத்துக்காகவா, ஜாடிக்கு ஜாடி காரணம் வேறயா இருக்கலாம்.

பேர் எழுதுனதால ஒரு படம் எப்படி மாறுதுன்னு பாக்கணும்னா வாடிகன்ல இருக்கிற எக்ஸேக்கியாஸ் ஜாடியைப் பாக்கணும். கி.மு. 540-530 வாக்குல உள்ளது. ரெண்டு சிப்பாய்ங்க எதிர் எதிரா உக்காந்து நடுவுல ஒரு கட்டை மேல ஏதோ காய் நகர்த்தி விளையாடுறாங்க, ஈட்டியைக் கையிலேர்ந்து விடல. ஒருத்தன் ஹெல்மெட் போட்டிருக்கான், இன்னொருத்தன் ஹெல்மெட்டைக் கழட்டி பின்னாடி கேடயத்து மேல வச்சிருக்கான். பேர் எழுதலன்னா ரெண்டு சிப்பாய், ஓய்வு நேரம், முடிஞ்சுது. ஆனா எழுதியிருக்கு, ஹெல்மெட் போட்டவன் அக்கிலிஸ், போடாதவன் அஜாக்ஸ். அது மட்டுமில்ல, அக்கிலிஸ் வாய்லேர்ந்து தெசரான்னு ஒரு வார்த்தை வருது, நாலுன்னு அர்த்தம், அஜாக்ஸ் வாய்லேர்ந்து த்ரியா, மூணு. அக்கிலிஸ் ஜெயிக்கிறான். ஆனா ட்ராய்லேர்ந்து ரெண்டு பேருமே உயிரோட வீடு திரும்பப் போறதில்ல, அக்கிலிஸ் அம்பு பட்டு சாவான், அவன் உடம்பைத் தோள்ல தூக்கிட்டு வர்றவன் இதே அஜாக்ஸ்தான், அப்புறம் அஜாக்ஸ் தன் கத்தி மேல தானே விழுந்து சாவான். ஜாடியைப் பாத்தவங்களுக்கு இது அத்தனையும் தெரியும். நாலு, மூணு, இந்த ரெண்டு சின்ன வார்த்தையை வச்சு இவ்வளவு பெரிய துக்கத்தை ஒரு பானை மேல வைக்க முடியுதுன்னா அந்த ஆள் எப்பேர்ப்பட்ட கலைஞன்.

இதே விளையாட்டுக் காட்சி 150க்கும் மேல ஜாடில வருது, நிறைய ஜாடில பேரே கிடையாது. அப்போ அதுல இருக்கிறதும் அக்கிலிஸும் அஜாக்ஸும்தானா? எக்ஸேக்கியாஸ் ஜாடியைத் தெரிஞ்சவன் அப்படித்தான் பாப்பான், ஆனா வரைஞ்சவன் சும்மா ரெண்டு வீரருங்கன்னு நினைச்சே வரைஞ்சிருக்கலாம். என் அபிப்பிராயம், பேர் இல்லாத இடத்துல நாமளா பேர் ஒட்ட வேண்டாம், விளையாடுற வீரருங்கன்னு விட்டுடறதுதான் நேர்மை.

பெர்லின்ல ஒரு கிண்ணம், சோசியாஸ்ங்கிற குயவர் கையெழுத்து போட்டது, கி.மு. 500 வாக்குல. ஒருத்தன் அடிபட்ட நண்பனோட கைக்குக் கட்டுப் போடுறான், அடிபட்டவன் வலி தாங்காம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான், பல்லு வெள்ளையா தெரியுது. பேர் எழுதியிருக்கிறதால கட்டுப் போடுறது அக்கிலிஸ், அடிபட்டது பெட்ரோக்ளஸ்னு தெரியுது. பெட்ரோக்ளஸுக்குத் தாடி இருக்கு, அக்கிலிஸுக்கு இல்ல, யாரு மூத்தவன்னு அதுலயே இருக்கு. சண்டைல ஆயிரம் பேரைக் கொல்றவன் இங்க தலையைக் குனிஞ்சு துணி சுத்துறான்.

சரி, படத்துல இருக்கிறது யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. வரைஞ்சது யாரு? இதுதான் என்னை இழுத்துப் போட்ட கேள்வி.

சில பேரு கையெழுத்து போட்டிருக்காங்க. எக்ராப்சென்னா வரைஞ்சான், எபோயெசென்னா செஞ்சான், அதாவது குயவர். ஃபிரான்சுவா ஜாடில க்ளைதியாஸ் வரைஞ்சான், எர்கோடிமோஸ் செஞ்சான்னு ரெண்டு பேரும் ரெண்டு ரெண்டு தடவை எழுதியிருக்காங்க. எக்ஸேக்கியாஸ் ரெண்டு வேலையும் தானே செஞ்சேன்னு எழுதியிருக்கார். அதுக்கு முன்னாடி கி.மு. 580 வாக்குல சோஃபிலோஸ்னு ஒருத்தர், ஏதென்ஸ் ஓவியருங்கள்ல நமக்குப் பேர் தெரிஞ்ச முதல் ஆள் அவர்தான். எனக்கு ரொம்பப் புடிச்ச கையெழுத்து மியூனிக்ல இருக்கிற யூதிமிடீஸ் ஜாடி. மூணு பேரு குடிச்சு ஆடுறாங்க, ஒருத்தன் உடம்பை முறுக்கி முதுகைக் காட்டித் திரும்புறான், அந்த முறுக்கை கோட்டுலயே கொண்டுவந்திருக்கார், பக்கத்துல, யூஃப்ரோனியோஸ் ஒரு நாளும் இப்படி செஞ்சதில்லன்னு எழுதி வச்சிருக்கார். சக கலைஞனைப் பேர் சொல்லி சவால் விடுறார், 2500 வருஷம் கழிச்சு அந்தக் குரல் அப்படியே கேக்குது.

ஆனா பெரும்பாலான ஜாடில கையெழுத்தே கிடையாது. அங்கதான் ஜான் பீஸ்லி வர்றார், 1885ல பொறந்து 1970ல செத்த ஆக்ஸ்ஃபோர்டு புரொஃபசர். அவருக்கு முன்னாடி ஜோவான்னி மொரெல்லின்னு ஒரு இத்தாலியர், டாக்டர் படிப்பு படிச்சவர், மறுமலர்ச்சிக் காலத்து பெயின்டிங்ல யாரு வரைஞ்சதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார். முகத்தையும் முகபாவத்தையும் பாக்காத, அதை யார் வேணா காப்பி அடிக்கலாம், காதைப் பாரு, நகத்தைப் பாரு, ஓவியர் கவனமே வைக்காம பழக்கத்துல போடுற இடத்தைப் பாரு. இந்த மாதிரியான பார்வையை பீஸ்லி ஜாடிக்குக் கொண்டுவந்தார். கணுக்கால் எலும்பை எப்படி வளைக்கிறான், கழுத்தெலும்பு நடுவுல சேருதா சேராம கொக்கி மாதிரி நிக்குதா, முழங்கால் மூட்டுக்கு எத்தனை கோடு, காது, மூக்குத் துவாரம், துணி மடிப்போட ஓரம். ஜாடி ஜாடியா மியூசியம் மியூசியமா போய் மெல்லிசு பேப்பரை வச்சு பென்சில்ல கோடு கோடா எடுத்தார். அப்படி எடுக்க எடுக்க அந்தக் கை போற போக்கு அவரோட கைக்கே தெரிஞ்சிருக்கும்னு நான் நம்புறேன்.

இங்கதான் எனக்கு மொத்த விஷயமும் புரிஞ்சுது. படத்துல இருக்கிற ஆளைக் கண்டுபிடிக்க ஓவியர் வேணும்னே காட்டுனதைப் பாக்கணும், சிங்கத்தோல், பை, கோல், பேர். ஓவியரைக் கண்டுபிடிக்க அவர் காட்டணும்னு நினைக்கவே நினைக்காததைப் பாக்கணும். ஒரே காலைத்தான் பாக்குறோம், பூட்ஸ்ல இருக்கிற ரெக்கை பெர்சியஸோடது, பூட்ஸுக்கு மேல முழங்கால் மூட்டுல இருக்கிற கோடு ஓவியரோடது.

பேர் தெரியாதவங்களுக்கு பீஸ்லியே பேர் வச்சார். பாஸ்டன்ல ஒரு பாத்திரம் இருக்கு, ஒரு பக்கம் ஆட்டுத் தலையோட பான் தெய்வம் ஒரு இடையனைத் துரத்துது, மறுபக்கம் வேட்டை தேவதை ஆர்டெமிஸ் அம்பு விட வேட்டைக்காரன் ஆக்டியோனை அவனோட நாய்ங்களே கடிச்சுக் குதறுது, அதை வரைஞ்சவர் பான் பெயின்டர். என்னை ஏமாத்துன பெர்சியஸும் அவர் கைதான். ஜாடி பெர்லின்ல இருக்கிறதால ஒருத்தர் பெர்லின் பெயின்டர், குயவர் பேரை வச்சு அமாசிஸ் பெயின்டர், முழங்கை வெளிய நீட்டிக்கிட்டு ஆடுற ஆளுங்களை வரைஞ்சதால ஒருத்தருக்கு எல்போஸ் அவுட்னே பேர். இதெல்லாம் நம்ம வசதிக்கு வச்ச பேர், அவங்க வீட்ல கூப்பிட்ட பேரு நமக்குத் தெரியாது, ஆனா அவங்க கையை நமக்குத் தெரியுது.

பெர்லின் பெயின்டர் பத்தி பீஸ்லி 1911லயே எழுதிட்டார். அந்த பெர்லின் ஜாடில ஹெர்மிஸும் ஒரு சாட்டிரும், அதாவது குதிரை வாலும் காதும் வச்ச காட்டு மனுஷன், நடுவுல ஒரு மான் குட்டி, மூணு உருவமும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி ஒரே வெளிக்கோடா நிக்குது, சுத்தி கட்டம் கிடையாது, பளபளன்னு கருப்பு மட்டும். அவர் ஸ்டைலே அதுதான், பெரிய கருப்பு வெளில ஒத்தை ஆளை நிறுத்துவார், கீழ ஒரு சின்ன டிசைன் பட்டை அவ்வளவுதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ல ஒரு யாழ்க்காரன் இருக்கான், பாடிக்கிட்டே தலையைப் பின்னாடி சாச்சிருக்கான், அங்கி ஆடுது, சுத்தி ஒண்ணுமே இல்ல, ஆனா அந்த வெறுமைல பாட்டு இருக்கு. சுமார் 300 ஜாடி இவர் கைன்னு சொல்றாங்க, ஒரு கையெழுத்து கூட இல்லாம. வயசானப்புறம் வரைஞ்சதுல பழைய உயிர் குறைஞ்சு கோடு பழக்கத்துல போகுதுன்னும் பீஸ்லி பாத்து எழுதியிருக்கார். பேர் கூடத் தெரியாத ஒரு ஆளோட முதுமை வரைக்கும் தெரியுது, அது என்னை ரொம்பத் தொட்ட விஷயம்.

இவ்வளவு கோடு எப்படி அழியாம நிக்குதுன்னா அதுக்குக் காரணம் சூளை. கருப்பு தனி பெயின்ட் இல்ல, அதே களிமண்ணை நல்லா கரைச்சு தெளிய வச்ச மெல்லிசு குழம்புதான். முதல்ல காத்து விட்டு சுடுவாங்க, எல்லாம் சிவப்பாகும், அப்புறம் காத்தை அடைச்சு பச்சை விறகு போட்டு புகைய விடுவாங்க, 900 டிகிரி வாக்குல மண்ணுல இருக்கிற இரும்பு கருப்பாகும், குழம்பு பூசுன இடம் கண்ணாடி மாதிரி இறுகிடும். கடைசில திரும்பக் காத்து விட்டா சொரசொரப்பான மண்ணு மட்டும் சிவப்பாத் திரும்பும், இறுகுன இடம் கருப்பாவே நிக்கும். கருப்பு உருவத்துல உருவத்தைக் கருப்பா பூசி உள்கோட்டை ஊசியால கீறுவாங்க. கி.மு. 525 வாக்குல ஏதென்ஸ்ல அதைத் தலைகீழா மாத்தி பின்னணியைக் கருப்பாக்கிட்டு உருவத்தை மண் நிறத்துலயே விட்டாங்க, சிவப்பு உருவம்னு பேர், உள்கோடெல்லாம் பிரஷ்ல. ஊசி கீறுறதை விட பிரஷ்ல கை சுதந்திரமா ஓடும், அதனால கையெழுத்து மாதிரி ஒவ்வொருத்தர் கோடும் தனியா தெரியும். கோடு கொஞ்சம் மேடா நிக்கும், சாய்ஞ்ச வெளிச்சத்துல பாத்தா முதல்ல மழுங்குன குச்சியால போட்ட ஸ்கெட்ச் கூட லேசாத் தெரியும், கையை இங்க வைக்கலாம்னு நினைச்சு அப்புறம் மாத்துன தடம்.

எல்லாம் தெளிவா முடிஞ்சுடுச்சான்னா இல்ல. ரெண்டு ஸ்டைலும் மாறுற அந்த நேரத்துல சில ஜாடி ஒரு பக்கம் கருப்பு உருவம், மறுபக்கம் சிவப்பு உருவம். மியூனிக்ல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஹெராக்ளிஸ் மெத்தைல சாஞ்சு விருந்துல இருக்கான், அதீனா எதிர்ல நிக்கிறா. ரெண்டு பக்கத்தையும் வரைஞ்சது ஒரே ஆளா, ரெண்டு ஆளா? சிவப்பு பக்கம் ஆண்டோகிடீஸ் பெயின்டர், கருப்பு பக்கம் லிசிப்பிடீஸ் பெயின்டர்னு பிரிச்சு வச்சிருக்காங்க, பீஸ்லியே இதுல மனசு மாத்தியிருக்கார். ஊசி புடிச்ச கையும் பிரஷ் புடிச்ச கையும் ஒரே ஆளோடதா இருந்தாலும் கோடு வேற மாதிரிதான் வரும், அதனால நான் இதுல எந்தப் பக்கமும் அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

ஒரு ஆதங்கமும் இருக்கு. யூஃப்ரோனியோஸ் வரைஞ்ச சார்பிடான் பாத்திரம், கி.மு. 515 வாக்குல. போர்ல செத்த சார்பிடானை தூக்கமும் சாவும், ரெண்டும் ரெக்கை வச்ச அண்ணன் தம்பி, மெதுவா தூக்குறாங்க, காயத்துலேர்ந்து ரத்தம் வழியுது, நடுவுல ஹெர்மிஸ் நின்னு பாக்குறான். எல்லாருக்கும் பேர் எழுதியிருக்கு, ஓவியர் யூஃப்ரோனியோஸ், குயவர் யூக்ஸிதியோஸ்னு கையெழுத்து இருக்கு, லேயாக்ரோஸ் அழகன்னும் இருக்கு. அடையாளம் கண்டுபிடிக்க ஒண்ணும் பாக்கி இல்லன்னு தோணும். ஆனா 1971ல இத்தாலில செர்வெத்தெரி பக்கம் கல்லறைத் திருடருங்க எடுத்து வித்தது இது, 1972ல மெட்ரோபாலிட்டன் 10 லட்சம் டாலருக்கு வாங்குச்சு, 2008ல இத்தாலிக்குத் திரும்புச்சு. ஜாடி வந்துடுச்சு, ஆனா எந்தக் கல்லறைல யாரு பக்கத்துல எந்தப் பொருளோட இருந்துச்சுங்கிறது திருடுன ராத்திரியே போயிடுச்சு. சாவு பத்தின இந்தப் படத்தைத் தன்னோட கல்லறைல வச்சுக்க ஒரு எட்ருஸ்கன் குடும்பம் ஏன் ஆசைப்பட்டுச்சுன்னு கேக்க அந்தக் கல்லறை வேணும்ல. மெஷர்மென்ட் எடுத்து ஃபோட்டோ புடிச்சு பொறுமையா தோண்டியிருந்தா கிடைச்சிருக்கும்.

நான் இப்போ பண்றது சின்ன வேலைதான். ஆக்ஸ்ஃபோர்டுல பீஸ்லி சேத்து வச்சதுலேர்ந்து வளர்ந்த டேட்டாபேஸ் ஒண்ணு எல்லாருக்கும் திறந்து வச்சிருக்காங்க, 1 லட்சத்துக்கும் மேல ஜாடி அதுல இருக்கு. தினமும் ஒண்ணு ரெண்டு படம் திறந்து, கீழ இருக்கிற விவரத்தைக் கையால மறைச்சுட்டு, முதல்ல யாருன்னு சொல்லுவேன், அப்புறம் நோட்டுல கணுக்காலையும் காதையும் மட்டும் வரைஞ்சு பாப்பேன். ஓவியர் பேர் சரியா வர்றது அபூர்வம். ஆனா வரைய ஆரம்பிச்ச பிறகு கண்ணு மெதுவாப் போகுது, முன்னாடி மொத்தப் படமும் ஒரே பார்வைல முடிஞ்சிடும், இப்போ ஒரு முழங்கால்லயே பத்து நிமிஷம் நிக்குது.

இந்த வாரம் முழுக்க லூவ்ர்ல இருக்கிற நியோபிட் பெயின்டரோட பெரிய பாத்திரம்தான், கி.மு. 460-450 வாக்குல உள்ளது. ஓவியர் யாருன்னு பிரச்சினை இல்ல, அவருக்குப் பேரே இந்தப் பாத்திரத்தை வச்சுதான். ஒரு பக்கம் அப்போலோவும் ஆர்டெமிஸும் நியோபியோட புள்ளைங்களை அம்பால கொல்றாங்க, அதுவும் தெளிவு. மறுபக்கத்துல நடுவுல ஹெராக்ளிஸ், தடியும் சிங்கத்தோலும் இருக்கு, பக்கத்துல அதீனா, சுத்தி மேடு பள்ளமா வீரருங்க நிக்கிறாங்க, உக்காந்திருக்காங்க, ஒருத்தன் படுத்திருக்கான். யாருக்கும் பேர் இல்ல, ஒருத்தரும் எதுவும் செய்யல. தங்க ஆட்டுத்தோலைத் தேடி ஆர்கோ கப்பல்ல போனவங்கன்னு சிலர் சொல்றாங்க, பாரசீகரோட நடந்த மராத்தான் போருக்கு முன்னாடி ஹெராக்ளிஸைக் கும்பிடுற ஏதென்ஸ்காரங்கன்னு சிலர், பாதாளத்துல மாட்டிக்கிட்ட ஏதென்ஸ் ராஜா தீசியஸைக் கூட்டிட்டுப் போக ஹெராக்ளிஸ் வந்திருக்கான்னு சிலர். தீசியஸும் அவன் நண்பன் பிரிதூஸும் பாதாளத்துல உக்காந்த இடத்துலயே ஒட்டிக்கிட்டாங்கன்னு கதை. நான் பாதாளம் பக்கம்தான் சாயுறேன். ரெண்டாவது சாட்சி வேணும்னு நானே மேல எழுதியிருக்கேன், இதுக்கு என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு, கீழ ஒருத்தன் முழங்காலை ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், எழுந்திருக்கணும்னு நினைப்பே இல்லாதவன் மாதிரி.